பிளான் அண்ணையும் பனிக்குள் கிடந்த கோழிகளும்

பேரின்பநாதனுக்கு நாற்பத்திரண்டு வீடுகளின் வயிறும் மனப்பாடம். எந்த வீட்டில் எத்தனை தலை, ஒரு தலைக்குக் கிழமைக்கு எத்தனை கிராம் அரிசி என்று பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் மூச்சு வாங்காமல் சொல்லுவார். தன் வீட்டு வயிறு ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. அதைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்ல மூன்று வருடமும் பத்தொன்பது கோழியும் தேவைப்பட்டன.

அறுபத்தாறு வயது. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. மொன்றியாலின் வில்லரேப் பகுதியில் எல்லோரும் அவரைப் பிளான் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் பகிடிக்குத்தான் தொடங்கினார்கள். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டதால் பகிடி செத்துப்போய்ப் பெயர் நிலைத்துவிட்டது.

எண்பதுகளில் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவுக்குப் படிக்கப் போனவர். திட்டமிட்ட பொருளாதாரத்தில் சிறு சந்தைக்கு என்ன இடம் என்பதுதான் அவருடைய ஆய்வு. தொண்ணூறு பக்கம் எழுதி அவர் கண்டுபிடித்த விடை: ஓர் இடமும் இல்லை. பிளான் சரியாக இருந்தால் சந்தை பால்பல் மாதிரித் தானாக விழுந்துவிடும். அந்தத் தொண்ணூறு பக்கத்தையும் எழுதிய காலத்தில் அவர் பச்சைமிளகாய் வாங்கியது எங்கே தெரியுமா? கூட்டுப்பண்ணைக்காரர் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து விற்கிற சந்தையில். அரசாங்கக் கடையில் முட்டைக்கோவா மலைபோலக் கிடந்தது, மிளகாய் மருந்துக்கும் இல்லை. இந்த விசயம் ஆய்வில் அடிக்குறிப்பாகக்கூட வரவில்லை.

பட்டம் கையில் கிடைத்துக் கொஞ்சக் காலத்தில் அந்த நாடே இல்லாமல் போய்விட்டது. மற்ற ஆட்களுக்குப் படித்த பள்ளிக்கூடத்தை மூடுவார்கள். இவருக்கு நாட்டையே மூடிவிட்டார்கள். பிறகு மொன்றியால், அகதி மனு, துணிக் களஞ்சியம் ஒன்றில் இருபத்தேழு வருடம் பெட்டி எண்ணும் வேலை. ஓய்வு எடுத்த வருடம் சாமான் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. மனுசனுக்கு முப்பது வருடமாக உள்ளே கிடந்த பிளான் அப்போதுதான் வெளியே வந்தது.

பிளான் இதுதான். நாற்பத்திரண்டு குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து மொத்தமாகச் சாமான் எடுப்பது. சனிக்கிழமை காலையில் தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் பெட்டி பெட்டியாகப் பிரிப்பது. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, வெங்காயம், ஒரு உறைந்த கோழி, தகரத்தில் அடைத்த மீன் ரின் ஒன்று. அரிசி மட்டும் தலைக்கணக்கு. மற்றதெல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒன்று. வேதக்காரர், அதுதான் கிறிஸ்தவர்கள், பாதி; சைவக்காரர், கோயிலுக்குப் போகிறவர்கள், பாதி. மண்டபத்தை இலவசமாகக் கொடுத்த பங்குச் சபை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டது: சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் குப்பைக்குப் போகக்கூடாது.

மூன்று வருடம் ஒரு வெங்காயம்கூடப் போகவில்லை. பேரின்பநாதன் இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லுவார். கூடவே தன் இரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துக் காட்டுவார். அவருக்குச் சீனி வியாதி. பெட்டி தொடங்கிய பிறகு அளவு இறங்கி, டாக்டர் எழும்பி நின்று கைகொடுத்தாராம்.

"பாருங்கோ, பெட்டிச் சாப்பாடு! பிளான் எண்டது காகிதமில்லை, இரத்தத்தில ஓடுது!" என்பார். சனம் கைதட்டும். அவருடைய மனைவி சிவநேசம் மட்டும் அந்த நேரத்தில் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நிற்பாள். ஒரே கோப்பைகளைத் திரும்பத் திரும்ப.

தவக்காலத்தின் இரண்டாம் சனி. பெட்டி ஒட்டும் ரேப் நாடா முடிந்துபோனதால் பேரின்பநாதன் அதைத் தேடிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனார். அந்தப் பக்கம் அவர் வழக்கமாகப் போகிறதில்லை. படிக்கட்டுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் கவிழ்த்த பால் கூடை ஒன்றின்மேல் றெஜினா இருந்தாள்.

றெஜினா மன்னார்க்காரி. நாற்பது வயதிருக்கும். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பாடற்குழுவில் முதல் குரல். அந்தக் குரலை இப்போது வேறு வேலைக்குப் பாவித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கோழிக்கு மூண்டு பருப்பு, ஒரு பை வெங்காயம். வேணுமெண்டா எடும், இல்லாட்டி அந்தக் கோழியோட நீரே குடும்பம் நடத்தும்."

"எடி, போன கிழமை ஒரு கோழிக்கு ரெண்டு பருப்புத் தந்தனீ."

"போன கிழமை தவக்காலம் துவக்கம், அக்கா. இப்ப வேதக்கார வீடெல்லாம் கோழி நிரம்பி வழியுது. கோழி மலிஞ்சு போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பேரின்பநாதனின் கண் வேறொரு மூலைக்குப் போனது. அங்கே சண்முகலிங்கம் நின்றார். பாண் போடும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு நேரே வருகிற மனுசன், தனிக்கட்டை. நின்றபடியே நித்திரை கொள்ளத் தெரியும். அவர் தன் கோழியையும் மீன் ரின்னையும் யாரோ ஒருவனிடம் கொடுத்துவிட்டு நாலு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு போனார்.

நாலு வாழைப்பழம். தொண்ணூறு பக்கத்திலும் அவர் எழுதியது இதைத்தானே? சந்தை என்றால் வாய் உள்ளவன் வாயில்லாதவனைத் தின்பது. பேரின்பநாதனுக்கு உச்சந்தலை கொதித்தது.

"என்ன நடக்குது இஞ்ச?"

பத்துப் பேரும் பெட்டியை மூடினார்கள். றெஜினா மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"ஒண்டுமில்லை அண்ணை, சின்ன மாத்துத்தான்."

"மாத்தோ? சண்முகலிங்கத்தின்ர கோழியும் ரின்னும் நாலு வாழைப்பழத்துக்குப் போகுது. கண்ணுக்கு முன்னால கொள்ளை!"

"அந்த வாழைப்பழம் நான் குடுக்கேல்லை."

"ஆர் குடுத்தா என்ன? கடை விரிச்சது நீர்தானே. மூண்டு வருசமா நான் கிராம் கிராமா நிறுத்துச் சமமாக் குடுக்கிறன், நீர் இஞ்ச பெட்டியை உடைச்சு வியாபாரம் நடத்துறீர். கள்ளச் சந்தைக்காரி!"

மண்டபக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நின்ற நாற்பது வீட்டுச் சனமும் கேட்டது. சொல் வாயைவிட்டுப் போனதும் பேரின்பநாதனுக்கே அது கொஞ்சம் பெரிதாகத்தான் பட்டது. ஆனால் கூட்டத்துக்கு முன்னால் சொன்னதைக் கூட்டத்துக்கு முன்னால் திரும்ப எடுக்க அவருக்குப் பழக்கமில்லை.

றெஜினா எழுந்து பால் கூடையைக் காலால் சுவரோரம் தள்ளினாள். தன் பெட்டியை அப்படியே அவருடைய கையில் வைத்தாள்.

"அண்ணை, என்ர பையைச் சோதிக்க முதல் உங்கட பெட்டியையும் ஒருக்காத் திறந்து பாருங்கோ," என்றாள். பிறகு படியேறிப் போய்விட்டாள்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கிராம் கணக்கில் தெரிந்தவர் ஏன் திறக்கப் போகிறார்? சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினார்: பெட்டிகளை மாற்றுவது தடை. ரேப் இல்லாததால் நாலு மூலைக்கும் பிளாஸ்ரர் ஒட்ட வேண்டியிருந்தது. காயம் பட்டவன் மாதிரி இருந்தது அந்தத் தாள்.

அந்தத் திங்கட்கிழமை சிவநேசம் சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பிட்டு வைத்தாள்.

"என்னப்பா இது? குரக்கன் பிட்டு எங்க?"

"குரக்கன்மா முடிஞ்சுது."

"முடிஞ்சா எடுக்கிறதுதானே."

"எங்க எடுக்கிறது? உங்கட பெட்டியில குரக்கன்மா இருக்கே?"

பேரின்பநாதன் வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. மனதுக்குள் நிரலை மேலும் கீழும் வாசித்தார். குரக்கன், கேழ்வரகு, ராகி, எந்தப் பெயரிலும் அது அங்கே இல்லை. அவர்தானே எழுதினவர், எப்படி இருக்கும்?

"அப்ப இவ்வளவு நாளும்?"

சிவநேசம் அவருக்கு எதிரே இருந்து, மிக அமைதியாக, பிழைவிட்ட பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னாள். "றெஜினாவின்ர அக்கா ரொறொன்ரோவில மா மில்லில வேலை. மாதம் ஒரு மூடை அனுப்புவா. றெஜினா பிள்ளையளின்ர முதல்நன்மைக் கொண்டாட்டங்களுக்குக் கேக் அடிக்கிறவள், அவளுக்குச் சீனி வேணும். எங்களுக்குச் சீனி வேண்டாம். எங்கட சீனியும் வெள்ளை மாவும் அவளுக்கு, அவளின்ர குரக்கன்மா எங்களுக்கு. மூண்டு வருசம். பெட்டி வீட்டுக்கு வர முதலே மாறிப்போகும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டுவியள். நிப்பாட்டினா உங்களுக்குச் சீனி ஏறும். இந்த ரெண்டில எதைக் கட்டிக்கொண்டு அழுறது?"

அவருக்கு டாக்டர் கைகொடுத்தது நினைவுக்கு வந்தது. அந்தத் தாளைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கிக் காட்டியது நினைவுக்கு வந்தது. சனம் கைதட்டியபோது றெஜினா எங்கே நின்றாள்? பின்வரிசையில் நின்று அவளும் தட்டினாள். பலமாகத் தட்டினாள். பேரின்பநாதனுக்குக் காது இரண்டும் சுட்டது. வெள்ளைப் பிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

நல்ல மனுசனாக இருந்தால் அன்றைக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டிருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? அவர் நல்ல மனுசன்தான். ஆனாலும் போகவில்லை. றெஜினாவின் வீடு இருக்கிற தெருவை விட்டுவிட்டு இரண்டு தெரு சுற்றி நடந்தார். ஒருநாள் மெற்றோவில் அவர் கீழே இறங்க, எதிர்ப்பக்கப் படியில் அவள் மேலே ஏறி வந்தாள். பல் வைத்தியர் ஒருவரின் விளம்பரத்தைச் சோதனைக்குப் படிக்கிறவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பல் வைத்தியரின் தொலைபேசி இலக்கம் இன்றைக்கும் அவருக்குப் பாடம்.

அவர் விட்ட சொல் அதற்குள் ஊர் சுற்றிவிட்டது. தேவாலய வாசலில் றெஜினா வந்தால் சிலர் கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடிப்பார்களாம். பகிடிக்குத்தான். இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்தவள் மூன்றாம் ஞாயிறு பாடற்குழுவுக்கு வரவில்லை. பெரிய வெள்ளிக்கு இன்னும் மூன்று கிழமை கிடந்தது, முதல் குரலுக்கு ஆளில்லை. இதைப் பேரின்பநாதனுக்குச் சொன்னது சண்முகலிங்கம்.

"பாவம் அந்தப் பிள்ளை," என்றார் சண்முகலிங்கம், பாதி நித்திரையில். "நான் விடிய நேரத்துக்கு வந்தா எனக்கும் சேத்து மாத்தி வைக்கும். அண்டைக்குக் கூட்டம் எண்டு நான்தான் அவசரப்பட்டுட்டன்."

பேரின்பநாதன் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

பங்குனி முடிகிற வெள்ளிக்கிழமை. மூன்று நாளாக யாரும் எதிர்பாராத வெயில். கூரைகளில் இருந்து தண்ணீர் கொட்டியது. பின்னேரம் சிலுவைப்பாதை செய்தவர்கள், வெளியே நல்ல வெளிச்சம் என்று, தேவாலயத்தைச் சுற்றி நடந்தார்கள். முன்னால் சிலுவையைப் பிடித்துக்கொண்டு பங்குச் சபைக்காரர் றெக்ஸ். பின்சுவரோரம் பனிக்காலம் முழுவதும் அள்ளிக் குவித்த பனி மலை கரைந்து பாதியாகியிருந்தது. றெக்ஸ் அதில் கால் வைத்தார். கால் சறுக்கியது. சிலுவை தப்பிவிட்டது, றெக்ஸ் தப்பவில்லை. எழும்பிப் பார்த்தபோது அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரு கோழி கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. வெயில் பட்ட இடமெல்லாம் கோழி. எண்ணியபோது பத்தொன்பது. எல்லாவற்றின் காலிலும் நிற நிறமாய் நூல் கட்டியிருந்தது. சிலதுக்குச் செபத்தையும் தாண்டி மணம் வந்தது.

அடுத்த நாள் சனி. மண்டபத்தில் நாற்பத்தொரு வீடும் நின்றது. றெக்ஸ் நொண்டிக்கொண்டு வந்தார்.

"பேரின்பம் அண்ணை, சபை என்னட்டை மண்டபத் திறப்பைத் திருப்பி வாங்கச் சொல்லிப்போட்டுது. நான்தான் ஒருநாள் தவணை கேட்டனான். ஆர் புதைச்சது எண்டு தெரியோணும். தெரியாட்டி இண்டையோட பெட்டியும் இல்லை, மண்டபமும் இல்லை."

எல்லோரும் தங்கள் தங்கள் பெட்டியைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "இது றெஜினாவின்ர வேலையாத்தான் இருக்கும். கலைச்சுவிட்ட கோபத்தில செய்திருப்பாள்."

"ஓம், ஓம்," என்று இரண்டு மூன்று தலை ஆடியது. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. பேரின்பநாதனுக்கும் வசதிதான். ஓம் என்று சொல்லவும் தேவையில்லை, சும்மா நின்றாலே போதும். மண்டபம் தப்பிவிடும், பிளான் தப்பிவிடும், இரத்தப் பரிசோதனைத் தாள்கூடத் தப்பிவிடும். மாட்டுப்படப் போவது இங்கே இல்லாத ஒருத்தி மட்டும்தான்.

அவர் தன் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். திறந்தார். சீனிப் பையை எடுத்து எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தார். 

"இந்தச் சீனி மூண்டு வருசமா என்ர வீட்டு வாசல் மிதிக்கேல்லை," என்றார். "றெஜினாவோட மாத்தினது. அவள் தந்த குரக்கன்மாவிலதான் என்ர இரத்தம் சரியா வந்தது. நான் இஞ்ச நிண்டு பெட்டி பெட்டியெண்டு கத்தினது பொய். தெரியாமச் சொன்ன பொய். பேந்து தெரிஞ்சும் மூண்டு கிழமை வாய் மூடிக்கொண்டு இருந்தன். அதுதான் பெரிய பொய். அவள் கள்ளச் சந்தைக்காரி எண்டா, முதல் கள்ளன் நான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சப் பேர். பேரின்பநாதன் குனிந்து சீனிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது ஏசியிருந்தால் மறுமொழி சொல்லியிருக்கலாம். சிரிப்புக்கு என்ன சொல்லுவது?

சிரிப்பு ஓய்ந்ததும் ஒவ்வொரு வீடாக வாய் திறந்தது. தடைத் தாள் ஒட்டிய அன்றே ஏற்பாடு நடந்துவிட்டதாம். தவக்காலத்துக்கு மச்சம் மாமிசம் விட்ட வேதக்கார வீடுகளில் குளிர்ப்பெட்டி கோழியால் நிறைந்துவிட்டது. அதனால் கோழியைப் பனிக்குள் புதைத்தார்கள், யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற நூல். சைவக்கார வீடுகள் கோழியை எடுத்துக்கொண்டு, பருப்பையும் வெங்காயத்தையும் வடிகால் குழாய்க்குப் பின்னால் ஒரு நீல வாளிக்குள் வைத்தன. கேதாரகௌரி விரதம், கந்தசஷ்டி, திருவெம்பாவை என்று அடுத்தடுத்து வந்தால் கோழி எதிர்ப்பக்கம் போகும். வழக்கமாக இதெல்லாம் றெஜினாவின் பால் கூடையில் நடந்தது. முகம் பார்க்காமல் செய்யப்போய் இந்த முறை கோழி அதிகம், எடுக்க ஆள் குறைவு. யாரும் யாரையும் கேட்க முடியவில்லை. பிறகு வெயில் வந்துவிட்டது.

பேரின்பநாதன் மனதுக்குள் கணக்குப் போட்டார். வருடத்துக்கு வேதக்கார வீடு விடும் கோழியும் சைவக்கார வீடு விடும் கோழியும் கிட்டத்தட்டச் சமன். அதனால்தான் அவருடைய சராசரி எப்போதும் சரி வந்தது. அவருடைய பிளானில் கடவுளுக்கு ஒரு நிரல் இருக்கவில்லை. அந்த நிரலை இவ்வளவு காலமும் படிக்கட்டுக்குக் கீழே ஒருத்தி கையால் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு வெங்காயம்கூட வீணாகாத பெருமை அவளுடையது.

றெக்ஸ் திறப்பை வாங்கவில்லை. ஆனால் போகும்போது ஒன்று சொன்னார்: "எனக்குச் சொன்னது காணாது, அண்ணை. சொல்ல வேண்டிய ஆள் இஞ்ச இல்லை."

றெஜினாவின் வீட்டுக்கு வளைந்த இரும்புப் படி, வெளிப்பக்கமாக, இரண்டாம் மாடிவரை. பேரின்பநாதன் அதில் ஏறி, நடுவில் நின்று, இறங்கி, திரும்ப ஏறினார். அவள் கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. அவர் படியிலேயே நின்று மண்டபத்தில் நடந்ததைச் சொன்னார்.

"கேள்விப்பட்டன்," என்றாள். "நீங்கள் வர முதலே ஏழு பேர் ரெலிபோன் அடிச்சிட்டினம்."

"நீர் திரும்பி வரோணும், தங்கச்சி. மாத்துறதுக்கு மேசை போட்டுத் தாறன். எல்லாருக்கும் தெரிய, மண்டபத்துக்குள்ள. விலைப் பட்டியல்கூட ஒண்டு எழுதி…"

"பட்டியல் எழுதினா நான் வரமாட்டன்."

"அப்ப சண்முகலிங்கம் மாதிரி ஆக்கள்? நாலு வாழைப்பழம்…"

றெஜினா யோசித்தாள். "அது நீங்கள் சொன்னது சரி. நான் இல்லாத பக்கம் அப்பிடியும் நடக்கும். அரிசி உங்கட கிராமிலயே கிடக்கட்டும், அதை ஒருத்தரும் வீட்டை போய்ச் சேர முதல் மாத்தக்கூடாது. மிச்சத்தை எங்கட பாட்டில விடுங்கோ. அவசரக்காரரின்ரய நானே பாத்து மாத்துறன்."

தொண்ணூறு பக்கத்திலும் பிடிபடாதது நாலைந்து வசனத்தில் வந்து விழுந்தது. அவருக்குச் சட்டைப்பைக்குள் கை போனது. பேனாவைத் தொட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்பியது.

"அந்தச் சொல்லுக்கு…" என்று தொடங்கினார்.  கீழே தெருவில் ஒரு பஸ் போனது. அது போய் முடியும்வரை இருவரும் பஸ்ஸைப் பார்த்தார்கள்.

"சனிக்கிழமை வாறன்," என்றாள் றெஜினா. கதவைச் சாத்தினாள். பலமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் மண்டபத்தின் நடுவில் மேசை போட்டிருந்தது. றெஜினா மேசையைத் திரும்பியும் பாராமல் தன் பால் கூடையைக் கொண்டுவந்து கவிழ்த்து இருந்தாள். வரிசையில் ஒன்பதாவது ஆளாகப் பேரின்பநாதன் நின்றார். முன்னுக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று பிடரிக்குத் தெரிந்தது. முறை வந்ததும் சீனியையும் கோதுமை மாவையும் அவள் முன்னால் வைத்தார்.

"என்ன வேணும், அண்ணை?"

அவளுக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். அவருடைய வாயால் வரவேண்டும் என்று நின்றாள்.

"குரக்கன்மா," என்றார், தனக்கே கேட்காத குரலில்.

"பின்னால நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை."

"குரக்கன்மா!"

றெஜினா ஒரு பையை எடுத்து வைத்தாள். அவர் கையால் தூக்கிப் பார்த்தார். களஞ்சியத்தில் இருபத்தேழு வருடம் தூக்கின கைக்கு நிறை பொய் சொல்லாது.

"வழக்கமா ஒரு கிலோ எண்டு சிவநேசம் சொன்னவ. இது அரைக் கிலோதான் இருக்கு."

"ஓம், அரைக் கிலோதான்."

"மிச்சம்?"

"மிச்சம் நீங்கள் அண்டைக்குச் சொன்ன சொல்லுக்கு," என்றாள் றெஜினா, அவருக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டு. "அடுத்தவர் வாங்கோ."

மலிவாகத்தான் விட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அரைக் கிலோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒருவருடைய முகத்தையும் பாராமல், சுவரோரம் நின்ற சிவநேசத்திடம் போனார். அவள் கோப்பை அடுக்கவில்லை. பையை வாங்கி, நிறையைப் பார்த்து, கூடைக்குள் வைத்தாள்.